வாட்டர்ஷெட் என்ற சொல் வந்தால்

அன்புள்ள தம்பி,

மொழிபெயர்ப்பையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. எந்த அகராதி வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். எதை வாங்கினாலும் சரி, அதில் வாட்டர்ஷெட் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். நாலைந்து தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கும். எதை எங்கே போடுவது என்று அங்கே எழுதியிருக்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஷெட் என்றதும் நமக்குத் தகரக் கொட்டகைதான் ஞாபகம் வரும். இந்த ஷெட் வேறு. பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர் அது. தலையில் எடுக்கும் வகிட்டையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். மலை முகட்டில் பெய்யும் மழை இந்தப் பக்கம் கொஞ்சமும் அந்தப் பக்கம் கொஞ்சமுமாகப் பிரிகிறதே, அந்தக் கோடுதான் பிரிட்டிஷ்காரருக்கு வாட்டர்ஷெட். நீர்பிரி முகடு என்று எழுதலாம். அமெரிக்காவுக்குப் போனதும் கோடு நிலமாகிவிட்டது. அங்கே செசபீக் விரிகுடாவின் வாட்டர்ஷெட் என்றால் 6 மாநிலங்களில் பரந்து கிடக்கும் ஏறத்தாழ 1,66,000 சதுர கிலோமீட்டர். அங்கே விழும் தண்ணீரெல்லாம் அந்த விரிகுடாவுக்குத்தான் போய்ச் சேர்கிறது. இது நாம் சொல்லும் நீர்ப்பிடிப்புப் பகுதி.

கோடானால் என்ன, நிலமானால் என்ன என்று விட்டுவிட முடியாது. முல்லைப் பெரியாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் அணை முடிந்தது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார்கள். தண்ணீர் வாட்டர்ஷெட்டைக் கடந்தது என்று ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் எழுதினால், அவர் சொல்வது அந்த முகட்டை. ‘நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கடந்தது’ என்று நீங்கள் எழுதிவிட்டால், எதற்காகச் சுரங்கம் வெட்டினார்கள் என்பதே வாசகருக்குப் புரியாது. அந்த வேலையின் அருமையெல்லாம் ஒரு சொல்லில் போய்விடும்.

எல்லை விவகாரத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிக்கிம்-திபெத் எல்லைக்காக 1890இல் பிரிட்டனும் சீனாவும் செய்த உடன்படிக்கை, டீஸ்டா ஆற்றுக்குப் போகும் தண்ணீரையும் திபெத்தின் மோச்சு ஆற்றுக்குப் போகும் தண்ணீரையும் பிரிக்கும் முகட்டையே எல்லை என்கிறது. அதே உடன்படிக்கை, அந்தக் கோடு கிப்மோச்சி மலையில் தொடங்குவதாகவும் சொல்கிறது. 2017இல் அந்த எல்லையை ஒட்டிய டோக்லாமில் இந்திய, சீன ராணுவங்கள் எதிரெதிரே நின்றபோது வாதம் இங்கேதான் சுற்றிச் சுற்றி வந்தது: சீனா பெயர் சொன்ன மலையைப் பிடித்துக்கொண்டது, இந்தியா தண்ணீர் பிரியும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைப் பற்றிய கட்டுரையில் முகடு நீர்ப்பிடிப்புப் பகுதியாக மாறிவிட்டால் யார் எதைக் கேட்கிறார்கள் என்றே தெரியாது. சொல்லப்போனால், உடன்படிக்கையை எழுதியவர்கள் வாட்டர்ஷெட் என்று எழுதாமல், நீர்ப்பிரிவு என்று நேரே பொருள்படும் சொல்லைத்தான் போட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

நம் அரசு ஆவணங்களில் அமெரிக்கப் பொருள்தான் அதிகம். தடுப்பணை, பண்ணைக்குட்டை, மண்வரப்பு என்று வரும் திட்ட அறிக்கை கைக்கு வந்தால் நீர்வடிப்பகுதி என்று போடுங்கள். அலுவலகத் தமிழில் நிலைத்த சொல் அதுதான். ஆனால் முகட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்கி வர வேண்டும் என்பதுதானே அந்தத் திட்டங்களின் அடிப்படை விதி? ஆகவே கோடும் நிலமும் ஒரே பக்கத்தில் வரும். வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்துத்தான் போட வேண்டும். கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள்.

மருத்துவ அறிக்கை வந்தால் வேறு கதை. மூளையில் இரண்டு ரத்தக்குழாய்களின் பாசனம் முடிகிற ஓரங்களை மருத்துவர்கள் வாட்டர்ஷெட் என்பார்கள். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் கடைமடை வயல் மாதிரி முதலில் காய்வது அந்த இடம்தான். அதனால் வரும் பக்கவாதத்துக்கும் அதே பெயர். அங்கே முகடு, நீர் என்று எதையும் கொண்டுவராமல் ‘எல்லைப் பகுதி’ என்று எழுதி, ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி பற்றிய கட்டுரையில் வந்தால், அது குழந்தைகளுக்கு ஒவ்வாதவற்றைக் காட்ட அனுமதி தொடங்கும் இரவு 9 மணி. நாடக வசனத்தில் ‘ஒன்பது மணிக்கு மேல்’ என்றாலே போதும்.

பத்திரிகைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் வாட்டர்ஷெட் என்பார்கள். நாமும் திருப்புமுனை என்று எழுதித் தள்ளுகிறோம். அதில் பாதி வெறும் முக்கிய நிகழ்ச்சிதான், அப்படியே எழுதலாம். தமிழ்நாட்டின் 1967 தேர்தலை அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதன் பிறகு காங்கிரஸ் முதல்வர் என்று ஒருவர் வரவில்லை. அங்கேகூடத் திருப்புமுனை என்பதைவிட, ‘அதற்கு முன் ஒரு அரசியல், அதற்குப் பின் வேறு அரசியல்’ என்று விரித்து எழுதுவது எனக்குப் பிடிக்கும். இடம் கொஞ்சம் கூடுதலாகும். ஆசிரியர் வெட்டினால் வெட்டட்டும்.

கிராமத்துக் கூட்டத்தில் வாசிக்கப் போகும் தாள் என்றால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் அது ‘வாட்டர்ஷெட் வேலை’தான். நீர்வடிப்பகுதி என்று நீங்கள் வாசித்தால், பக்கத்தில் இருப்பவரிடம் அது என்ன என்று கேட்பார்கள். அவர் வாட்டர்ஷெட் என்று சொல்லித்தான் விளக்குவார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்