வாயில்லாப் பிராணியும் திரைப்படமும்



யானையோ நாயோ தன்னை வளர்த்தவனுக்காக உயிர் விடும் காட்சி திரையில் வந்தால், நம் மாரிகுப்பத்தில் முதியவரும் கண் கலங்குவர். அக்கண்ணீர் நல்லதே. ஆயினும் அஃது எதன் பொருட்டு வருகிறது என்று ஆராய்வதே இன்றைய பாடம்.

1. உழைப்புக்குக் கிடைத்த அன்பு

பிராணிகளைக் கதாபாத்திரங்களாக்கிப் பெயர் பெற்றவர் சாண்டோ சின்னப்பா தேவர். 1971இல் அவர் இந்தியில் தயாரித்த ‘ஹாத்தி மேரே சாத்தி’யில் ராஜேஷ் கன்னா நடித்தார். அக்கதையே 1972இல் எம்.ஜி.ஆர். நடிக்க ‘நல்ல நேரம்’ என்று தமிழில் வந்தது. இந்திப் படத்தின் கதை இது: அநாதைச் சிறுவன் ஒருவனை யானைகள் சிறுத்தையிடமிருந்து காக்கின்றன. அவன் வளர்ந்தபின் வித்தை காட்டி அவனுக்குச் சோறு தேடித் தருகின்றன. குழந்தைக்குத் தீங்கு நேருமென்று அவன் மனைவி அஞ்சுகிறாள். முடிவில் ராமு என்னும் யானை, அவன்மேல் பாயவேண்டிய குண்டைத் தான் ஏற்று மாள்கிறது.

இக்கதையை யான் இகழவில்லை, யானும் அழுதவனே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த யானை உழைக்கவேண்டும், காக்கவேண்டும், சாகவும் வேண்டும். அதன் பிறகே மனிதர் அதன் அன்பை ஐயமற நம்புகின்றனர். ஓர் உபகாரமும் செய்யாத யானைக்கு அக்கதையில் இடமுண்டோ?

2. கருப்பியும் கழுதையும்

2018இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ வேறு வழி காட்டிற்று. அதில் வரும் கருப்பி ஒரு வேட்டை நாய். அது யாரையும் காத்துச் சாகவில்லை. ஆதிக்கச் சாதியார் அதனைத் தண்டவாளத்தில் கட்டிவைத்து ரயிலுக்குப் பலியிடுகின்றனர். அது செய்த குற்றம் யாது? ஒடுக்கப்பட்டவன் வளர்த்த நாயாயிருந்ததே குற்றம். ஊரார் அதனைத் தம் வீட்டுப் பிள்ளையைப் போல் அழுது அடக்கம் செய்கின்றனர். பின்னர் அதே கொடுமை பரியனுக்கும் நேர்கிறது. நாயை அடித்த கை மனிதனையும் தேடிவரும் என்பதை அப்படம் உரக்கச் சொல்லாமலே உணர்த்துகிறது.

2021இல் அவரே இயக்கிய ‘கர்ண’னில் முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதையொன்று தத்தித் தத்தி நடக்கிறது. பேருந்து நில்லாத அவ்வூராரின் நிலையும் அதுவே. கர்ணன் அக்கட்டை அறுக்கும்போது, கழுதை தனக்கு என்ன செய்யும் என்று எண்ணவில்லை.

3. என் வாசலில் நடந்தது

யான் மில்லில் வேலை பார்த்த நாளில் எங்கள் லைன் வீட்டில் ஒரு நாய் இருந்தது. இரவு ஷிப்டு முடிந்து வரும்போது தெருமுனையில் எனக்காக நிற்கும். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, கூலி நின்றது. வீட்டில் முதலில் குறைந்தது அந்த நாயின் சோறுதான். “திருடுவதற்கே இங்கு ஒன்றுமில்லை, காவல் எதற்கு?” என்று யானே சொன்னேன். அது வேறு வாசல் தேடிப் போகவில்லை. சில மாதங்களில் இறந்தது.

கருப்பியைத் திரையில் கண்ட அன்றுதான் என் சொல் எனக்கே உறைத்தது. ‘வேலை இல்லை, ஆகவே நீர் வேண்டா’ என்ற சொல் எங்களை எவ்வளவு சுட்டது! அதே சொல்லை யான் ஒரு வாயில்லாப் பிராணிக்குச் சொல்லியிருந்தேன்.

4. நாளாகிரி

கள்ளூட்டி வெறியேற்றி ஏவப்பட்ட நாளாகிரி என்னும் யானையின் கதையை நாம் அறிவோம். அது பகவருக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை, கொல்லவே வந்தது. அதற்கே மைத்திரி முதலில் சென்றது. யானை பணிந்தது பிறகே. திரைக்கதையில் அன்பு கடைசியில் வரும் கூலி. இங்கே அஃது முதலில் வந்த ஈகை.

5. திரைக்குப் பின்னால்

நடிக்கும் பிராணிக்குத் தன் வேடம் தெரியாது, சம்மதமும் சொல்லாது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1960இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. பிராணிகளை நடிக்கவைப்போர் பதிவு செய்யவேண்டும் என்ற விதிகள் 2001இல் வந்தன. படம் தொடங்குமுன் காட்டப்படும் அறிவிப்பை இனி வீண் எழுத்தென்று கருதாதீர்.

வீட்டில் கலந்து பேசுக

க. நம் வீட்டுப் பிராணி பால், முட்டை, காவல் தருவது நின்றால், அதன் உணவு நிற்குமா?

உ. திரையில் நாய்க்கு அழுத நாம், தெருவில் அதன்மேல் கல்லெறியும் சிறுவனைத் தடுத்தோமா?

ங. நமக்குப் பிறர் செய்த எந்தக் கொடுமையை நாம் நம்மினும் எளிய உயிருக்குச் செய்கிறோம்?

மூன்றாம் கேள்விக்கு யான் என் விடையை மேலே எழுதிவிட்டேன். உங்கள் விடையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்கக் காத்திருக்கிறேன்.