நட்சத்திர மண்டலங்களின் சுருட்கரங்களும் நடுத்தண்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில், மே மாதத்துத் தெளிந்த இரவில், நள்ளிரவுக்குப் பின் தென்வானில் ஆகாய கங்கை மங்கிய வெண்பட்டையாய்த் தோன்றும். அதன் மையம் தனுசு ராசியில் உள்ளது. தில்லியில் அம்மையம் அடிவானத்திற்கு மேல் 32 பாகை உயரமே எழும். இங்கோ ஏறத்தாழ 53 பாகை எழும்.

நாம் உள்ளிருந்து காண்பதால் அது பட்டையாகத் தெரிகிறது. வெளியிலிருந்து நோக்கின், சுருட்கரங்களும் மையத்தில் நீண்ட தண்டும் உடைய தட்டாகத் தோன்றும். இவ்வடிவம் எங்ஙனம் உண்டாயிற்று?

கரங்கள் காற்றாடியின் இறக்கைகளைப் போல நிலையானவை என மாணவர் எண்ணுவர். அது பிழை. இதனைப் பள்ளி மைதானத்தில் விளக்கலாம். ஒரே மையங்கொண்ட நான்கு வட்டங்களை வரைந்து, வட்டத்திற்கு ஒருவராக நால்வரை நேர்வரிசையில் நிறுத்தி, சம வேகத்தில் நடக்கச் செய்க. உள்வட்டத்தான் முந்துவான், வரிசை சுருளும். சூரியன் மண்டலத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது பிறந்தபின் சுமார் 20 சுற்றுகள் முடிந்துள்ளன. கரங்களில் என்றும் அதே நட்சத்திரங்கள் இருந்தால், அவை இதற்குள் இறுகச் சுருண்டு மறைந்திருக்கும்.

1964-இல் லின், ஷூ என்னும் அறிஞர்கள் இதற்கு விடை கூறினர். களியக்காவிளைச் சாலையில் ஓரிடத்தில் நெருக்கடி உண்டானதாகக் கொள்வோம். வண்டிகள் அதனுட் புகுந்து, மெல்ல ஊர்ந்து, வெளியேறும், நெருக்கடியோ நீடிக்கும். கரமும் அத்தகைய அடர்த்தி அலையே. அங்கு வாயு அமுக்குண்டு புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றுள் பேரொளி வீசுபவை நெடுந்தூரம் செல்லுமுன் மடிவதால் கரம் ஒளிர்கிறது. இவ்வலை நெடுங்காலம் நிலைக்கும் என்பாரும், மறைந்து மறைந்து புதிதாய்த் தோன்றும் என்பாரும் உளர்.

தண்டு தோன்றும் முறை வேறு. தட்டில் நட்சத்திரங்களின் ஒழுங்கற்ற இயக்கம் குறைவாயின், அவற்றின் பரஸ்பர ஈர்ப்பு மேலோங்கும். சிறிதளவு நீட்சி ஏற்படினும் அது பிறவற்றை ஈர்க்கும். வட்டப் பாதைகள் நீண்டு ஒரே திசையில் அணிவகுத்துத் தண்டாகும். 1973-இல் ஆஸ்ட்ரைக்கர், பீபிள்ஸ் ஆகியோர் கணிப்பொறியின் துணையால் இதனை ஆராய்ந்தனர். தண்டு பின்னர் வாயுவை மையத்தை நோக்கிச் செலுத்துகிறது.

புணேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேக்கர் ஆகியோர் 2025-இல் ஒரு சுருள் மண்டலத்தை அறிவித்து, அதற்கு ‘அலகநந்தா’ எனப் பெயரிட்டனர். பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகளே ஆன காலத்தில் அதற்கு இரு செவ்விய கரங்கள் இருந்தன. இவ்வளவு விரைவில் இத்தகைய ஒழுங்கு அமையும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

ஆதலின் கரும்பலகையில் சுருட்கரம் வரையும் ஆசிரியர், நட்சத்திரங்கள் அதனுட் புகுந்து வெளியேறும் அம்புக்குறிகளையும் உடன் வரைதல் நன்று.