தூது போகாமல் ஒத்துப்போக முடியுமா?

சிலபஸில் இல்லாத சமாச்சாரம் இது. தைரியமாகப் படியுங்கள், மண்டை காயாது.

எங்க அப்பாவின் தறிக் கூலி பேங்கில் விழுகிறது. அந்தக் கணக்கு ஒரே கம்ப்யூட்டரில் இருந்து, அது படுத்துவிட்டால் கதை முடிந்தது. ஆகவே பல இடங்களில் நகல்கள். ஒரு நகல் 500 என்றும் இன்னொன்று பூஜ்யம் என்றும் சொன்னால், அந்த வாரம் எங்க வீட்டில் அரிசிக்கு என்ன வழி?

பழுதான நகல் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசும். லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982-ல் இதைப் பைசாண்டியத் தளபதிகள் கதையாக எழுதினார்கள். மூவரில் ஒருவன் துரோகி என்றால் வெறும் வாய்ச்செய்தியால் ஒத்துப்போகவே முடியாது, 4 பேராவது வேண்டும்.

சரி, ஓட்டு பிரிந்து நின்றால்? காசு சுண்டலாம் என்றார் பென்-ஓர், 1983-ல். ஆனால் 10 பேர் தனித்தனியாகச் சுண்டினால் எல்லாருக்கும் ஒரே பக்கம் விழுவது 512-ல் ஒரு தடவைதான். எல்லாருக்கும் பொதுவாக ஒரே காசு இருந்தால் சில சுற்றிலேயே வேலை முடியும் என்று அதே ஆண்டு ராபின் காட்டினார்.

அந்தப் பொதுக்காசைத்தான் குவாண்டம் பின்னல் தருகிறது. கிரீன்பெர்கர், ஹோர்ன், ஸைலிங்கர் பெயரால் வழங்கும் நிலையில் மூன்று துகள்கள் பின்னிக் கிடக்கும். மூன்று ஊருக்கு அனுப்பி ஒரே மாதிரி அளந்தால், மூன்றிலும் 0 வரும், இல்லையேல் மூன்றிலும் 1 வரும். எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"அப்போ ஒளியைவிட வேகமா சேதி அனுப்பலாமே!" என்று குதிக்காதீர்கள். 0-தான் வர வேண்டும் என்று நாம் வரவழைக்க முடியாதபோது எதைச் சொல்லி அனுப்புவது? 500 ரூபாய் விவரம் வழக்கம்போல் கம்பியில்தான் போக வேண்டும்.

ஒரே எண்களை எழுதிய சீட்டை முதலிலேயே ஆளுக்கொன்று கொடுத்தால் போதாதா? துரோகி கையிலும் ஒரு சீட்டு இருக்குமே! அடுத்து என்ன விழும் என்று பார்த்து, யாரைக் குழப்பலாம் என்று திட்டம் போடுவான். பின்னலிலோ அளக்கும்வரை விடையே பிறப்பதில்லை. ஆனாலும் அவன் தன் துகளை முந்தி அளந்துவிடலாம். அதனால் சுற்றுக்குச் சுற்று புதிதாகத் தயாரித்துப் பகிர வேண்டும். 2005-ல் பென்-ஓரும் ஹாசிடிமும் இந்த வழியில்தான், நகல்கள் எத்தனை கூடினாலும் சராசரிச் சுற்றுகள் கூடாத முறையைத் தந்தார்கள். துரோகிகள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

இடிக்கும் இடம் கம்பிதான். கண்ணாடி இழையில் 100 கி.மீ. போனால் 100 போட்டானில் ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சும். மூன்று ஊரும் அந்தத் தூரம் என்றால், மூன்றும் சேர்ந்து போய்ச் சேருவது 10 லட்சத்தில் ஒன்று. நடுவில் ஆம்ப்ளிஃபையர் போட்டால் பின்னலே கெட்டுவிடும். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் கவனிக்க!