மானாவாரி நிலத்தில் நீர் ஏந்தும் குருணை

குழந்தைகளுக்குக் கட்டும் டயாப்பரின் பஞ்சுக்கிடையே சர்க்கரை போன்ற வெண்ணிறக் குருணை இருப்பதைக் காணலாம். நீர் பட்டவுடன் இது பன்மடங்கு உப்பிக் கூழாகிறது. பிழிந்தாலும் நீரை எளிதில் விடுவதில்லை. 1970-களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகம் மக்காச்சோள மாவுச்சத்தைக் கொண்டு இத்தகைய பொருளை உருவாக்கியது. நம் நாட்டில் புதுடெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் பயிர்களுக்கென்றே 'பூசா ஹைட்ரோஜெல்' என்னும் குருணையை உருவாக்கியுள்ளது. இது தன் எடையைப் போல் குறைந்தது 350 மடங்கு தூய நீரை ஏற்கும். சுற்றியுள்ள மண் காயும்போது அந்நீரை வேருக்கு விடும். அடுத்த மழையில் மீண்டும் உப்பும்.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

வாங்கும் முன் ஒரு கணக்குப் பார்த்தல் நலம். ஏக்கருக்குப் பரிந்துரை 1 முதல் 2 கிலோ. 2 கிலோ குருணை ஒரு முறை ஏந்துவது சுமார் 700 லிட்டர். ஆனால் ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 4,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆகவே இக்குருணை மழைக்கு ஈடாகாது. நிலம் முழுவதும் தூவினால் பணம் வீணாகும். விதையின் அருகிலும் நாற்றின் வேரடியிலும் இட்டால், முளைக்கும் பருவத்தில் ஏற்படும் சிறு வறட்சியைத் தாங்க உதவும்.

இடும் முறை

குருணையைப் பத்து மடங்கு உலர்ந்த மண்ணுடன் கலந்து, விதைப்புச் சாலில் விதையோடு இட்டு மூடவும். ஈரக் கையால் தொடக் கூடாது. மேல் மண்ணில் விட்டால் வெயிலில் சிதைந்துவிடும். சங்கரன்கோவில் பகுதியில் கரிசல், செவ்வல் ஆகிய இரு மண்களும் உள்ளன. கரிசல் இயல்பாகவே நீரைப் பிடித்து வைப்பதால் பயன் குறைவு. மணற்பாங்கான செவ்வலில் பயன் கூடுதல்.

உப்புநீர்ச் சோதனை

உப்பு மிகுந்த நீரில் குருணை உப்பும் அளவு வெகுவாகக் குறையும். இரு பாத்திரங்களில் தலா 1 கிராம் குருணை இட்டு, ஒன்றில் அரை லிட்டர் மழைநீரும் மற்றதில் அதே அளவு கிணற்று நீரும் ஊற்றவும். சில மணி நேரம் கழித்துத் துணியில் வடிகட்டிக் கூழை எடை போடவும். கிணற்று நீரில் எடை மிகக் குறைந்தால், அந்நீர் பாயும் நிலத்தில் குருணைக்குச் செலவு செய்ய வேண்டாம்.

டயாப்பரை எருக்குழியில் போடாதீர்

டயாப்பரில் உள்ள குருணை சோடியம் கலந்தது. சோடியம் மிகுந்தால் மண் இறுகும். உறையில் பிளாஸ்டிக்கும், பயன்படுத்தியதில் நோய்க்கிருமிகளும் உண்டு. அதனைத் தாளில் சுற்றித் தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும்.

உழவர்களுக்கு ஒரு யோசனை

தொழு உரமும் கோடை உழவும் சரிவுக்குக் குறுக்கே உழுதலுமே ஈரம் காக்கும் முதல் வழிகள். அவற்றைச் செய்தபின், புரட்டாசி விதைப்பில் 10 சென்டில் மட்டும் 100 முதல் 200 கிராம் குருணை இட்டு, அடுத்த 10 சென்டைக் குருணையின்றி விதைக்கவும். முளைப்பு, வாடும் நாள், மகசூல் ஆகியவற்றைக் குறித்து வைத்து, கூடுதல் வரவு குருணையின் விலையை மிஞ்சினால் மட்டும் அடுத்த ஆண்டு பரப்பை விரிவாக்கலாம்.