புதிய சப்-கலெக்டருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ பொறுப்பேற்ற செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். படத்துக்குக் கீழே 'சிரித்த முகத்துடன் பொறுப்பேற்றார்' என்று போட்டிருந்தார்கள். உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எந்த முகத்துடன் பொறுப்பேற்றார் என்று யாரும் எழுதியதாக நினைவில்லை.

'எமோஷனலா ஆயிடாதீங்க மேடம்' என்ற அறிவுரை சீக்கிரமே வந்து சேரும். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிக் கத்துகிற அதிகாரிக்கு அதை யாரும் சொல்வதில்லை. கோபமும் உணர்ச்சிதானே? அவர் கத்தினால் கண்டிப்பு, நீ குரல் உயர்த்தினால் டென்ஷன் பார்ட்டி. இரக்கத்திலும் இதே கணக்குதான். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், பெற்றோரை இழந்த குழந்தைகளிடம் காட்டிய பாசத்தை ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஒரு பெண் ஆட்சியர் அதையே செய்திருந்தால், 'தாய் மனசு' என்று இரண்டு வரியில் முடித்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்தக் கணக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. அன்னா ராஜம் ஜார்ஜ் 1951-இல் ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்தபோது, வெளியுறவுப் பணிதான் பெண்ணுக்குப் பொருத்தம் என்று தேர்வுக் குழு திருப்பப் பார்த்தது. அவர் சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கினார். திருமணமானால் வேலை போகும் என்று நியமன ஆணையிலேயே ஒரு வரி இருந்தது. முதல்வர் ராஜாஜி மாவட்டப் பொறுப்பு தரத் தயங்க, வாதாடித்தான் சப்-கலெக்டர் ஆனார். சரி, அந்த வெளியுறவுப் பணியாவது பெண்ணுக்கு இதமாக இருந்ததா? அங்கே அதிகாரியாக இருந்த சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பெண் அதிகாரி கல்யாணத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்தால் வேலை கெடுகிறது என்று அரசு நினைத்தால் ராஜினாமா கேட்கலாம். அப்போது இப்படி ஒரு விதி இருந்தது! 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். கல்யாணமான பெண்ணின் மனசு அடுப்படியில் கிடக்கும், ஆணின் மனசு கோப்பை விட்டு அகலாது என்ற நினைப்பில் எழுதிய விதி அது. அந்த நினைப்புக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை.

உன் மேஜைக்கு வரப்போகிற ஒரு மனுவைச் சொல்கிறேன். ஆதரவற்ற விதவைச் சான்று. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஏறி உன்னிடம் வரும். எதிரில் நிற்கும் பெண் அழுதால், 'எல்லாம் நடிப்பு மேடம்' என்று பக்கத்தில் முணுமுணுப்பார்கள். அழாமல் நின்றால், 'புருஷன் போன மாதிரியா தெரியுது?' என்பார்கள். நெற்றியில் பொட்டு இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பார்வை. நீ மனுவைத் திருப்பிப் பார். முத்திரை, தேதி, சுருக்கொப்பம் எல்லாம் இருக்கும். எந்த மேஜையில் எத்தனை மாதம் தூங்கியது என்று தெரிந்துவிடும். சுருக்கென்று ஒரு கோபம் வரும். வரட்டும். அந்தப் பெண்ணைத் தேற்றிக்கொண்டிராமல், அந்தக் கோபத்தோடு தாமதத்துக்குக் காரணமானவர்களைப் பெயர் சொல்லி விளக்கம் கேட்டுக் குறிப்பு எழுது. கோபமும் பாசமும் கலவாமல் கடமை செய்பவரே சரியான அதிகாரி என்றார் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். முடிவெடுக்கும்போது அது சரி. ஆனால் அப்படிப்பட்டவருக்கு அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியிருக்குமா?

இன்னொன்று. காலிக் குடங்களோடு பெண்கள் மறியலில் உட்கார்ந்தால், 'மேடம் பேசினா கேட்பாங்க' என்று உன்னைத்தான் அனுப்புவார்கள். போ. ஆனால் தண்ணீர் லாரி எப்போது வரும், குழாய் எப்போது சரியாகும் என்று சொல்லும் அதிகாரத்தை வாங்கிக்கொண்டு போ. வெறும் ஆறுதலோடு போனால் அடுத்த மறியலில் உன்னைத்தான் திட்டுவார்கள். சம்பளத்துக்காக முகத்தையும் மனசையும் பழக்கிக்கொள்வது உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்டு விமானப் பணிப்பெண்களை வைத்து 1983-இலேயே எழுதினார். நம் பணி மதிப்பீட்டு அறிக்கையில் அந்த உழைப்புக்கு இன்னும் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அதே அறிக்கையில் யாராவது 'உணர்ச்சிவசப்படுபவர்' என்று எழுதிவைத்தால் சும்மா விடாதே. எந்த நாள், எந்தக் கோப்பு, எந்த முடிவு அதனால் கெட்டது என்று எழுத்தில் கேள். கோப்பை விட்டெறிகிற அதிகாரி எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார்; அவர் அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்றும் விசாரித்து வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா