வெறுங்கால் மேடைக்கு மின்சாரம்

அன்புள்ள தம்பிக்கு,

ஷா ஆலத்தில் உங்கள் தாமான் திடலில் திறந்தவெளி மேடை எழப்போகிறது, அதற்கு நிரந்தர மின் இணைப்பை எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தாய். நிர்வாகக் குழுக் கூட்டங்களில் பேச்செல்லாம் எத்தனை விளக்கு, எத்தனை ஸ்பீக்கர் என்றே ஓடும். நீ கணக்கை ஆடுகிறவரின் பாதத்திலிருந்து தொடங்கு. பரதம் ஆடும் பிள்ளை வெறுங்காலோடு மேடையேறுகிறது. காலில் சலங்கை, உடம்பெல்லாம் வேர்வை. தவில்காரரும் வெறுங்காலோடுதான் சப்பணமிட்டு உட்காருகிறார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மழை கொட்டி ஓய்ந்திருக்கும். பலகையில் ஈரம் காய்ந்திருக்காது. மின்சாரம் உடம்பில் இறங்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

2017 ஜூலையில் பிரான்சின் குர்தோன் என்ற ஊரில் பார்பரா வெல்டென்ஸ் என்ற பாடகி, பழைய தேவாலயம் ஒன்றில் பாடிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 35. அன்று அவர் காலில் செருப்பில்லை. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த்து சரியில்லாத மைக்கைத் தொட்டதும் மேடையிலேயே விழுந்து இறந்தார். 1965 டிசம்பரில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் இதே கதைதான். கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டு மயங்கி விழுந்தவர், பிழைத்துக்கொண்டார். தடித்த ரப்பர் அடி வைத்த காலணி அவரைக் காப்பாற்றியது என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த ரப்பரும் இல்லை.

மலேசியாவில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். நனைந்த உடம்பின் தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், உடம்பு வழியே ஓடுவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பங்கு போதும். நாம் வழக்கமாக ஈஎல்சிபி என்று சொல்லும் கசிவுக் காப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரில் விழும்படி செய்யப்படுவது அதனால்தான்.

லோடு மிஞ்சினால் விழும் சாதாரண எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்று யாராவது கேட்பார்கள். போதாது, ஏன் என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளிலும் சிறு கட்டடங்களிலும் எர்த்து, மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனலிடமிருந்து வருவதில்லை. மண்ணில் தாமிரப் பூச்சுள்ள கம்பி அடித்து நாமே எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கம்பியின் தடை 10 ஓம் என்றால் நல்ல எர்த்து என்று சொல்வார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பார். லைட் கம்பத்தில் லைன் பட்டுவிட்டது. 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்துச் சும்மா இருக்கும். கம்பமோ மின்சாரத்தோடு நிற்கும், யாராவது தொடும்வரை. கசிவுக் காப்பு இல்லாத வெளிமேடையை நம் ஊரில் கட்டவே கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

ஆனால் ஒரே ஈஎல்சிபியை முன்னால் வைத்து மேடை முழுவதையும் அதில் மாட்டுவதும் தவறு. எல்இடி விளக்கும் ஆம்ப்ளிஃபயரும் நல்ல நிலையில் இருக்கும்போதே எர்த்து வழியாகக் கொஞ்சம் கசியவிடும். விளக்குக்கு அரை மில்லி ஆம்பியர் என்றால் 40 விளக்குக்கு 20 ஆகிறது. 30 என்று எழுதிய சுவிட்ச் 15ஐத் தாண்டினாலே விழக்கூடும். எந்தப் பழுதும் இல்லாமல், நாடகம் உச்சத்தில் இருக்கும்போது, கூட்டத்தின் நடுவே மேடை இருண்டு போகும். அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும்: யாராவது ஒருவர் ஈஎல்சிபியைத் தாண்டி நேரே வயரை இழுத்துவிடுவார், நிகழ்ச்சி நடக்கிறதே என்று எல்லாரும் அவரைப் பாராட்டுவார்கள். ஆகவே பிரித்து வை. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியரும், தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரும் கேட்கின்றன. மேடைத் தரையில் மைக், கீபோர்டு, சுருதிப் பெட்டி செருகும் பிளக்குகளுக்கு 10. ஒரு சுவிட்சுக்கு நாலைந்து பிளக்குக்கு மேல் வேண்டாம். தலைக்கு மேலே தொங்கும் விளக்குகளை ஆறேழு சர்க்கியூட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 30. இவற்றுக்கெல்லாம் முன்னால், சற்றுத் தாமதித்து விழும் வகையில் 100. கீழே ஒன்று விழுந்தால் மேலே உள்ளது அசையக் கூடாது.

எர்த்துக் கம்பி மெயின் பெட்டிக்கு வந்ததோடு வேலை முடிவதில்லை. மேடையின் இரும்புச் சட்டம், கூரை டிரஸ், படிக்கட்டுக் கைப்பிடி, எல்இடி திரையின் ஃபிரேம் ஆகிய எல்லாவற்றையும் தடித்த தாமிரக் கம்பியால் ஒரே எர்த்தில் சேர்த்துக் கட்டவேண்டும். ஒருவர் ஒரு கையால் மைக்கையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே வோல்ட் இருக்கக் கூடாது. போல்ட் போடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார்களா என்று குனிந்து பார். பெயிண்ட் மேல் இறுக்கிய போல்ட் பார்வைக்கு மட்டும்தான்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால், பிளக்கைத் திறந்து எர்த்து வயரைக் கழற்றிவிடும் சவுண்ட்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரைச்சல் நின்றுவிடும், பாதுகாப்பும் நின்றுவிடும். ஆடியோ வயரின் பாதையில் டிஐ பெட்டியோ தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரோ வைத்தால் அதே இரைச்சல் போகும். எர்த்தைத் தொடவே தேவையில்லை.

அடுத்தது அளவு. பழைய பார் விளக்கு ஒன்று 1000 வாட் எரித்தது. 24 விளக்குக்கு 24 கிலோவாட். இன்றைய எல்இடி பார் 150 வாட் என்றால் அதே 24க்கு 3.6 கிலோவாட்தான். தலையசைக்கும் விளக்கு எட்டுக்கு 3.2, சவுண்டுக்கு 6, நடுத்தர எல்இடி திரைக்கு 6 என்று கூட்டினால் ஏறத்தாழ 19 கிலோவாட். தெனாகா ஒற்றை பேஸில் கொடுப்பது 12 கேவிஏ வரைதான், எனவே மூன்று பேஸ் இணைப்புக்கே விண்ணப்பிக்க வேண்டும். இந்த லோடு பேஸுக்கு 30 ஆம்பியர் அளவில் வரும். 63 ஆம்பியர் இணைப்பு எடுத்தால் பிற்காலத்துக்கும் தாங்கும். சாப்பாட்டுக் கடைகளின் பொரிச்சட்டியையும் தண்ணீர் கொதிகலனையும் இதில் சேர்க்காதே, அதற்குத் தனிப் பெட்டி.

நிரந்தர இணைப்பு எதற்கு, பக்கத்துக் கட்டடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தால் ஆகாதா என்பதும் கேள்வியாக வரும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 50 மீட்டர் தூரத்துக்கு 13 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 11, 12 வோல்ட் போய்விடுகிறது. 4 சதவீதம், அதாவது 9 வோல்ட் வரைதான் இங்கே ஏற்பார்கள். போதாததற்கு அந்த வயர் புல்லில் கிடக்கும், வேன் ஏறும், மழைத் தண்ணீரில் மிதக்கும். எஃகுக் கம்பிக் கவசம் போட்ட கேபிளை அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில், குழாய்க்குள் புதைக்க வேண்டும். அதற்கு மேலே எச்சரிக்கை நாடா. லாரி ஏறும் இடத்தில் இன்னும் ஆழம். கேபிள் போகும் பாதையை வரைபடத்தில் குறித்து வை, நாளைக்குப் பந்தல் கால் நட வருகிறவர் கடப்பாரையோடுதான் வருவார்.

வாடகை சவுண்ட், லைட் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெட்டியோடு வரும். அவர்களுக்கு என்றே, தொழிற்சாலைகளில் காணும் ஐந்து பின் சிவப்பு பிளக்கை 32 ஆம்பியரில் இரண்டு மூன்று வைத்துவிடு. இல்லையென்றால் மெயின் பெட்டியைத் திறந்து வெறும் வயரை முறுக்கி மாட்டுவார்கள். அப்படி மாட்டியதில் நியூட்ரல் கழன்றால் 230 வரவேண்டிய கருவியில் 400 வரை ஏறி, ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையாகப் புகையும். ஜெனரேட்டர் வரும் நாளுக்கு, அதுவும் தெனாகா இணைப்பும் ஒரே சமயத்தில் சேரவே முடியாத மாற்றுச் சுவிட்ச் ஒன்றும் வேண்டும்.

பெட்டி எங்கே இருக்கவேண்டும் என்பதற்கு ஷா ஆலமே பாடம் வைத்திருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று வெள்ளம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் தரைத்தளத்தையே மூழ்கடித்தது. மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். உங்கள் திடலில் அன்று தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரி. சுவரில் கறை இன்னும் இருக்கலாம். அந்தக் கறைக்கு மேலே வரும்படி சிமெண்ட் பீடம் கட்டி, ஐபி65 தரமுள்ள பூட்டுப் பெட்டியை அதில் ஏற்று. கேபிள் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கம் வைத்து, கிளாண்ட் போட்டு இறுக்கு. சும்மா விட்டால் முதலில் எறும்பு வரும், அப்புறம் எறும்பைத் தின்னப் பல்லி வரும். பஸ்பாரின் மேல் குறுக்கே கிடக்கும் பல்லியால் ஃபியூஸ் போன கதையை வயர்மேன்களிடம் கேட்டுப் பார்.

மேடை நிற்கும் இடத்துக்கு மேலே கம்பி ஓடுகிறதா என்று நிமிர்ந்தும் பார்க்கவேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். டிரஸ் தூக்கும் கிரேனுக்கும் பேனர் கட்டும் இரும்புக் கம்பத்துக்கும் அதே ஆபத்து உண்டு.

உலகில் இடிமின்னல் மிக அதிகமாக விழும் வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. பெட்டியில் மின்னல் பாய்ச்சலைத் தாங்கும் காப்புக் கருவி வைப்பது கருவிகளுக்கு. மனிதர்களுக்கு அது உதவாது. இடி கேட்டால் நிகழ்ச்சியை நிறுத்தி மேடையைக் காலி செய்வது என்று குழு முன்கூட்டியே முடிவெடுத்து, அதை அறிவிக்கும் அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுக்கட்டும். சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற குத்தகையாளரிடமும், மூன்று பேஸுக்குத் தகுதிச் சான்றுள்ள வயர்மேனிடமும் கொடுங்கள். முடிந்ததும் அவர்கள் இரண்டு பாரம் தரவேண்டும்: மேற்பார்வைக்கும் நிறைவுக்கும் ‘போராங் ஜி’, சோதனைக்கு ‘போராங் எச்’. கையெழுத்தை மட்டும் பார்த்துக் கோப்பில் வைத்துவிடாதே. எர்த்துத் தடை எத்தனை ஓம், இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம் என்ற இடங்களில் அளந்த எண் இருக்கவேண்டும். ஒவ்வொரு ஈஎல்சிபியும் எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது என்பதைத் தனித் தாளில் கேட்டு வாங்கு; 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் 30 கசியும்போது 300 மில்லி செகண்டுக்குள்ளும், 150 கசியும்போது 40க்குள்ளும் விழவேண்டும். சர்க்கியூட் வரைபடத்தின் நகல் ஒன்றை பிளாஸ்டிக் உறையிட்டுப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் எல்லா டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்ப்பது உன் பொறுப்பாக இருக்கட்டும். எர்த்தை மட்டும், மழை குறையும் ஜூன் ஜூலையில் இன்னொரு தரம் அளக்கச் சொல்; ஈர மண்ணில் 8 ஓம் காட்டிய கம்பி காய்ந்த மண்ணில் 15 காட்டினால் பக்கத்தில் இன்னொரு கம்பி அடித்துச் சேர்க்கவேண்டியிருக்கும், அந்தச் செலவையும் இப்போதே குத்தகையில் எழுதி வாங்கிவிடு.

அன்புடன்,
அண்ணன்