கொதிக்கும் மண்ணும் குளிர்ந்த ஏரியும்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்து வடபகுதியில் லாசன் எரிமலைத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. லாசன் சிகரம் 1914 முதல் 1917 வரை பலமுறை சீறியது. 1915ஆம் ஆண்டு மே 22 அன்று நிகழ்ந்த வெடிப்பே அவற்றுள் பெரியது. இன்று எரிமலை அமைதியாக உள்ளது. ஆயினும் அடியிலுள்ள வெப்பம் தணியவில்லை. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்கிச் சூடேறி, வெந்நீராகவும் நீராவியாகவும் மேலெழுகின்றன. இமாசலப் பிரதேசத்து மணிகரணில் ஊற்றுநீரில் அரிசி வேகக் கண்ட மாணவர்க்கு இது வியப்பாக இராது. அங்கு எரிமலை இல்லை. எனினும் நீர் சூடேறும் முறை இதுவே.

இப்பூங்காவில் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க நடைவழி ஒன்று உண்டு. அது சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், ஹெலன் ஏரிக்கு அருகில் தொடங்குகிறது. 1864இல் லாசன் சிகரத்தில் ஏறிய பெண்மணி ஒருவரின் பெயரையே அவ்வேரி தாங்கியுள்ளது. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் ‘பம்பஸ் ஹெல்’ என்னும் கொதிநிலப் பள்ளத்தை அடையலாம். அழுகிய முட்டையின் நாற்றம் முன்னரே வரவேற்கும்; அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றம். அவ்வாயுவிலிருந்து உண்டாகும் கந்தக அமிலம் கடும்பாறையையும் மென்களிமண்ணாக்கிவிடுகிறது. ஆகவே, அங்கே உறுதியாகத் தோன்றும் தரை வெறும் மேலோடாக இருக்கலாம். அதன்கீழே கொதிசேறு இருக்கும். 1860களில் அவ்விடத்தை நன்கறிந்த கெண்டால் பம்பஸ் என்பவரே மேலோடு உடைந்து கால் வெந்து, பின்னர் அக்காலை இழந்தார். பள்ளத்திற்கு அவர் பெயரே நிலைத்தது. மரப்பலகைப் பாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது என்னும் விதி வெறும் ஒழுங்குமுறையன்று.

பள்ளத்திற்கு அப்பால் சுமார் 3 கிலோமீட்டரில் ‘கோல்டு பாய்லிங்’ ஏரி உள்ளது. அதன் கரையோரத்தில் நீர் கொதிப்பது போல் குமிழ்கள் எழும். கையை வைத்தால் குளிரும்! நிலத்தடி வாயு வெளியேறுவதே காரணம். மேலும் ஒரு கிலோமீட்டர் தொலைவில் புல்வெளி சூழ்ந்த கிரம்பா ஏரி இருக்கிறது. போகவர ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் நடப்பவர்க்கு, ஓய்வும் சேர்த்து 6 மணிநேரம் வேண்டும்.

இவ்வழியின் சூழ்ச்சி ஒன்றுண்டு. ஏரிகள் தாழ்வில் உள்ளன. போகும்போது கால்கள் தாமே இறங்கும். திரும்பும்போது, களைத்த கால்களோடு ஏறத்தாழ 300 மீட்டர் ஏற வேண்டும். மலைகளில் பொதுவாக ஏற்றம் முதலில் வரும். இங்கோ கடைசியில் வருகிறது. ஆதலின், காலை 8 மணிக்குப் புறப்படுவோர் முதல் ஏரியை 11 மணிக்குள் அடையாவிடில், இரண்டாம் ஏரியை விட்டுத் திரும்புதலே அறிவுடைமை. கோடையில் பிற்பகல் இடிமழையும் வரக்கூடும். ஊற்றுநீர் குடிக்க உதவாது. நீரைச் சுமந்தே செல்ல வேண்டும். ஜூலை வரையிலும் பாதையில் பனி கிடப்பதுண்டு. எனவே, வழி திறந்துள்ளதா எனப் பூங்கா அலுவலகத்தில் கேட்டறிந்தே நாளைக் குறிக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்: தணிதல் – குறைதல், மேலோடு – மேலே படிந்த மெல்லிய அடுக்கு, ஆதலின் – ஆகையால்.

பயிற்சி
1. பம்பஸ் அவ்விடத்தை அறிந்தவர். எனினும் அவருக்குத் தீங்கு நேர்ந்தது ஏன்?
2. குளிர்ந்த ஏரியில் குமிழ்கள் எழுவதற்குக் காரணம் யாது?
3. ஒரு குழு முதல் ஏரியை 11.30 மணிக்கு அடைகிறது. குழுவில் ஒருவர் மேலே செல்ல விரும்புகிறார். மற்றவர் திரும்ப எண்ணுகிறார். இருவர் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.